ஆளுக்குப் பாதிக் குழல்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் நூலகர் ஐயா அவர்களே! அறிவிலும் வயதிலும் என்னை விஞ்சிய பெரியோர்களே! மூன்று மணிக்கே வந்து முன்வரிசையைப் பிடித்துவிட்ட தாய்மார்களே! கதவோரம் நின்று, "இவ எப்ப முடிப்பா?" என்று கடிகாரம் பார்க்கும் அன்பர்களே! அத்தனை பேருக்கும் இந்தத் தையல்காரியின் பணிவான வணக்கம்!

போன சனிக்கிழமை இதே மண்டபத்தில் ஓர் ஆவணப்படம் பார்த்தோம். எங்கோ ஒரு மலைநாட்டு மக்களின் இசை. மொழி புரியவில்லை, முகம் தெரியவில்லை, முணுக்கென்று கண்ணீர் மட்டும் முந்திக்கொண்டது. கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னேன். பொய்! பச்சைப் பொய்!

அந்த மக்களின் குழல் எப்படிப்பட்டது? ஒரு பாட்டின் சுரங்களை இரண்டு குழல்களில் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு சுரம் இவளிடம். அடுத்த சுரம் அவளிடம். எத்தனை பெரிய வித்தைக்காரியானாலும் தனியாக ஒரு பாட்டை வாசித்துவிட முடியுமா? முடியாது!

படத்தில் இரண்டு காய்கறிக்காரிகள். சந்தையில் முகம் பார்த்துப் பேசாதவர்கள். சாயங்காலம் ஆனால் எதிரெதிரே நின்று ஊதுகிறார்கள். "நீங்கதான் பேசிக்கிறதே இல்லையே?" என்று படம் எடுத்தவர் கேட்கிறார். ஒருத்தி சொன்ன பதில், திரையின் அடியில் தமிழில் ஓடியது. "பேச்சு இல்லதான். அதுக்குப் பாட்டு என்ன பாவம் பண்ணுச்சு?"

அங்கேதான் ஐயா, நான் உடைந்துபோனேன்!

ஏன்? என் நாத்தனாரும் நானும் ஒரே தையல்கடையில் இருந்தவர்கள். துணி வெட்டுவது நான், தைப்பது அவள். பெயர்ப்பலகையில் யார் பெயர் முதலில் என்று வந்தது சண்டை. கடைக்கு நடுவே ஒரு மரத்தடுப்பு. ஆறு வருடமாக அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். விளைவு? தலைவர் அணிந்திருக்கும் சட்டை நான் தைத்தது. ஐயா, கையைக் கொஞ்சம் தூக்குங்கள்... பார்த்தீர்களா, வரவில்லை! சிரிக்காதீர்கள் தாய்மார்களே! அவள் வெட்டிய ரவிக்கையைப் போட்டுக்கொண்டு எத்தனை பேர் மூச்சை அடக்கி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்!

அந்தத் தடுப்பை வைத்தது யார்? நான்! ஆணி அடித்தது யார்? நான்! மேடைக்கு மேடை ஒற்றுமை பேசியது யார்? வெட்கமில்லாமல், அதுவும் நான்தான்!

அவள் ஐந்தாம் வரிசையில் இருக்கிறாள். அம்மாடி, இத்தனை பேர் முன்னால் கேட்கிறேன். தப்பு என்மேல்தான். மறுபடியும் ஒரே கடையாக இருப்போமா?

என்ன? அமைதி, அமைதி! அவள் எழுந்து ஏதோ சொல்கிறாள்.

"ஆறு வருஷமா உங்க மெஷின் சத்தத்தக் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன் அண்ணி. அடிக்கடி நூல் அறுந்துபோய் நிக்குது. வந்து சரி பண்ணிக் குடுக்கணும்னு கை துறுதுறுங்கும். நீங்க ஒரு வார்த்தை கூப்பிடவே இல்லையே?"

கேட்டீர்களா? இதற்குமேல் நான் என்ன பேச!

கூப்பிட்டுட்டேன்டி, மேல வா! ஒலிபெருக்கிக்காரரே, நிறுத்திவிடாதீர்கள். பொறுமையோடு கேட்ட உங்களுக்கெல்லாம் என் நன்றியை நான் சொல்லிவிட்டேன். வணக்கத்தை அவள் வந்து சொல்லுவாள்.