கோட்டின் மேல் ஒரு கண்ணாடித் தட்டு

— கையை எடுங்க சார். மஞ்சக் கோட்டைத் தாண்டிருச்சு.

— விரல் நுனிதானேய்யா?

— நுனியும் கைதாங்க. இந்த மேசையில பாதி உங்க நாடு, பாதி டாக்டரம்மா நாடு. நடுவுல நிக்கிற காவல்காரன் நான் ரெண்டுக்கும் பொது. உத்தரவு இல்லாம இங்க ஒரு குண்டூசி நகராது.

— விடுங்க சார், அவர் வேலையை அவர் பாக்கறார். நீங்க பெட்டியைத் திறங்க. எங்க ஐஸ்ல மிச்சம் இருக்கறதே ஒரு சொட்டு. இந்த வெக்கையில அதுவும் தாங்காது.

— திறக்கறேன் டாக்டர், அவசரப்படுத்தாதீங்க. ஆனா முன்னாடியே சொல்லிடறேன், எனக்கு நம்பிக்கை இல்லை.

— உங்களுக்கு எதுலதான் நம்பிக்கை இருந்துச்சு? அந்த ஐஸ்ல உயிர் இல்லைன்னு உலகத்துக்கே டிவியில சொன்ன மகராசன் நீங்க. அன்னைக்கு எங்க ஆய்வுக்கூடத்துல ஒருத்தரும் சாப்பிடலை.

— மறுநாள் நீங்களும் அதையேதான் சொன்னீங்க.

— சொன்னேன். சொல்லிட்டு வீட்டுக்குப் போய் அழுதேன். நீங்க அழுதீங்களா?

— ஆராய்ச்சிக்காரன் அழுதா மைக்ராஸ்கோப் மங்கிடும்.

— அப்போ அழுதிருக்கீங்க.

— சரி, இருக்கட்டும். அடுத்த வேலையைப் பாருங்க.

— எனக்கு ஒண்ணு புரியலைங்க, கேக்கலாமா? எங்கேயோ ஒரு நிலாவுல இருந்து ஐஸ் கொண்டு வந்தீங்க. ரெண்டு நாடும் சேர்ந்துதானே ராக்கெட் விட்டீங்க? அப்புறம் எதுக்கு ஆளுக்குப் பாதி?

— போறப்ப சிநேகம்யா, திரும்பி வர்றப்ப சண்டை. இந்தப் பாலத்துல ரெண்டு பக்கக் கேட்டையும் பூட்டின வருஷம்தான் அது வந்து இறங்குச்சு. ஒரே ஒரு கட்டி. ரம்பம் வச்சு அறுத்தது நான்தான். மயிரிழை பிசகலை.

— நாங்க பக்கத்துல நின்னு தராசைப் பாத்தோம். ரெண்டு பாதியும் ஒரே எடை. கை கொடுக்காம பிரிஞ்சு போனோம்.

— அதுல என்ன தப்புங்கறீங்க டாக்டர்? நேர்மையாத்தானே பிரிச்சோம்?

— அந்த நேர்மைதான் சார் கெடுத்துச்சு. கட்டி மேல வெள்ளையா இருந்துச்சு, அடியில கருப்பா இருந்துச்சு. நாம குறுக்கே அறுத்துட்டோம். வெள்ளை உங்களுக்கு, கருப்பு எங்களுக்கு. எல்லாரும் எடையைப் பாத்தோம், நிறத்தை யார் பாத்தா?

— நிறத்துல என்ன இருக்கு?

— டிவியில பேச்சோட பேச்சா ஒண்ணு சொன்னீங்க, ஞாபகம் இருக்கா? உருகின தண்ணி தானாவே புளிச்சுப் போகுதுன்னு.

— ஆமா. கொஞ்ச நேரம் புளிக்கும், அப்புறம் நின்னுடும்.

— எங்க தண்ணியில புளிப்பே கிடையாது. ஆனா கருப்புத் துகளுங்க முதல்ல துடிக்கும், அப்புறம் அடங்கிடும். நீங்க சொன்னதைக் கேட்டதும்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. உங்க வெள்ளைத் துகளுங்க கழிக்கிற புளிப்புதான் எங்க கருப்புக்குச் சாப்பாடு. அதைத் தின்னு தீர்க்க ஆள் இல்லாம உங்களது தன் புளிப்புலயே மூச்சு முட்டுது. எங்களது பட்டினியில கிடக்குது.

— அட! அடுப்பை அண்ணனுக்கும் விறகைத் தம்பிக்கும் பாகம் பிரிச்ச கதையால்ல இருக்கு!

— அப்படியே அதுதான். ரெண்டு வீட்டுலயும் உலை கொதிக்கலைன்னு ரெண்டு பேரும் ஊருக்குச் சொல்லிட்டு உக்காந்திருக்கோம்.

— கேக்க நல்லா இருக்கு டாக்டர். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனா கலந்து பாத்துடலாம். தட்டை எந்தப் பக்கம் வைக்கறது?

— கோட்டு மேல.

— அய்யய்யோ, அதுக்கு உத்தரவு இல்லைங்க.

— கோட்டு மேல வைக்கக் கூடாதுன்னு உத்தரவு இருக்கா?

— அது... அப்படியும் இல்லைங்க.

— அப்புறம் என்ன? உங்க சொட்டை விடுங்க சார். இந்தாங்க, என்னோடது. இதுக்கு மேல எங்ககிட்ட ஒண்ணும் இல்லை. பலிக்கலைன்னா எங்க ஆய்வுக்கூடத்தை இழுத்து மூடிருவாங்க.

— எங்களுக்கு மட்டும் என்ன, மாலை போடுவாங்களா? மைக்ராஸ்கோப்புல நீங்க முதல்ல பாருங்க.

— என்னால முடியலை. கண்ணெல்லாம் தண்ணி. நீங்க பாருங்க.

— டாக்டரம்மா, அதுக்குள்ள ஜன்னல் பக்கம் பாருங்க. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, சொந்தக்காரங்களைத் தூர நின்னாவது பாக்கக் கம்பி வேலிக்கு ரெண்டு பக்கமும் கூட்டம் வந்தாச்சு. அந்தப் பச்சைக் குடை உங்க அக்காதானே?

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— வாராவாரம் நீங்க இங்கிருந்து கை ஆட்டறீங்க, அவங்க அங்கிருந்து குடையை ஆட்டறாங்க. எனக்கு வேற என்ன வேலை, பாத்துக்கிட்டுதானே நிக்கறேன்.

— அந்தப் பக்கம் கட்டிக் கொடுத்தோம். அவ மகளை நான் இன்னும் தொட்டுப் பாத்தது இல்லை.

— டாக்டர்.

— என்ன சார்? இல்லையா?

— கொஞ்சம் சும்மா இருங்க... அசையுது. ஆனா இது வெக்கைக்குத் தண்ணி ஓடறதாத்தான் இருக்கும். தூசியா இருந்தாலும் இப்படித்தான் ஓடும்.

— தட்டைச் சாய்ங்க. தூசின்னா பள்ளத்துக்குப் போகும்.

— சாய்க்கறேன்... போகலை. வெள்ளை எல்லாம் மேட்டுக்கு ஏறுது. கருப்பு இருக்கற பக்கமா ஏறுது. மறுபடி சாய்க்கறேன். மறுபடியும் ஏறுது! அட, ஒண்ணை ஒண்ணு தேடுதும்மா!

— வாயைத் திறந்து சொல்லுங்க சார்.

— இருக்கு.

— இன்னொரு தரம்!

— இருக்கு! உயிர் இருக்கு! தொண்டை கிழியக் கத்தணும் போல இருக்கு. நான் இல்லைன்னு சொன்னதெல்லாம் பொய்யாப் போச்சு, அதுல எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா தங்கச்சி!

— தங்கச்சியா? சரிதான் அண்ணே, சரிதான்! காவல்கார அண்ணே, நீங்களும் வந்து பாருங்க. ஒரு கண்ணை மூடிக்கங்க.

— இந்தப் பொட்டுப் பொட்டா நீந்தறதா?

— அதேதான். இவ்வளவு பெரிய வானத்துல நாம மட்டும்தான்னு நினைச்சுக்கிட்டு இருந்தோம். துணைக்கு ஆள் இருக்கு.

— உடம்பெல்லாம் புல்லரிக்குதுங்க... அம்மா, நீந்தறது கொஞ்சம் மெதுவாகுதே?

— வெக்கை! அண்ணே, இது அரை மணி நேரம்கூடத் தாங்காது. எங்க குளிர் அறை எங்க பக்கக் கேட்டைத் தாண்டினதும் முதல் கட்டடம். தட்டோட தூக்கிட்டு ஓடணும்.

— தட்டுல அவர் நாட்டுச் சொட்டும் இருக்கேம்மா. அது கேட்டைத் தாண்டக் கூடாது. பேசாம, அவரவர் சொட்டைப் பிரிச்சு எடுத்துக்கங்களேன்.

— பிரிச்சா செத்துரும்யா! இத்தனை நாள் அதைத்தானே பண்ணோம்.

— அப்போ ரெண்டு பேரும் சேர்ந்துதான் தூக்கிட்டுப் போகணும். அதுக்குக் கேட்டைத் திறக்கணும்... சரி, இருங்க, வந்துடறேன்.

— எங்க போறார் இவர்? போன் இங்க மேசையிலதானே இருக்கு?

— மேலிடத்தைக் கேக்காம தும்மக்கூட மாட்டார். அவங்க கூட்டம் போட்டு முடிவு சொல்றதுக்குள்ள இது போயிரும் அண்ணே.

— போகாது. ஐஸ் பையைத் தட்டுக்கு அடியில வை. அந்த முனையை நீ பிடி, இந்த முனையை நான் பிடிக்கறேன். பூட்டை உடைச்சாவது போறோம்.

— நீங்களா பேசறீங்க? நம்பிக்கை இல்லாத மனுஷன்!

— அது பழைய கதை. வெளிய என்ன சத்தம்? எல்லாரும் கத்தறாங்களே?

— தெரியலையே... இதோ, வந்துட்டார். காவல்கார அண்ணே, சீக்கிரம் போனைப் போடுங்க!

— ஹலோ, ஐயா, வணக்கம்ங்க. பாலத்துக் காவல் அறைங்க... ஆமாங்கய்யா, உயிர் இருக்கு, இந்தக் கண்ணாலயே பாத்தேன்... யாருக்குச் சொந்தமா? ரெண்டு பேருக்கும்தாங்க... பிரிக்க முடியாதுங்கய்யா, பிரிச்சா செத்துரும்... பின்னால சத்தமா? அது ஜனங்க சத்தம், ஒரு பச்சைக் குடைதான் முன்னால ஓடி வருது... இல்லைங்கய்யா, உத்தரவு கேக்கறதுக்குப் போன் பண்ணலை. ரெண்டு கேட்டையும் திறந்தாச்சுன்னு சொல்லத்தான் பண்ணேன்.