வெறுஞ் சுவர்

லண்டனில் டூட்டிங் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இளையவர் சொன்னது காதில் விழுந்தது.

"மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டு வீடியோவைப் பார்க்கிங் கொம்பனிக்காரருக்குப் போட்டுக் காட்டினனான், அக்கா."

"என்னடியப்பா, ஏன்?"

"விழா நடந்த ஹோல் வளவில எங்கட கார்ச் சில்லுக்குக் கிளாம்ப் பூட்டுப் போட்டு, காசு வாங்கிப்போட்டல்லோ கழட்டினவங்கள். சுவரில 'கார் விடக்கூடாது' எண்டு போர்ட் இருந்ததாம். பச்சைப் பொய்! போர்டைப் பிறகுதான் கொண்டுவந்து சுவரில அடிச்சவங்கள். இவர் 'எங்களுக்கேன் வம்பு' எண்டார். நான் விடேல்லை."

"வீடியோவில சுவர் தெரியுதோ?"

"பிள்ளை காரால இறங்கேக்க முழுச் சுவரும் தெரியுது. போர்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பார்த்திட்டு, மன்னிப்புக் கேட்டுக் காசைத் திருப்பித் தந்தவங்கள்."

"அந்த வீடியோக்காரனை நான் அண்டைக்குப் பேசினனான்."

"ஓம், அதுவும் கசெட்டில இருக்கு. 'பிள்ளையை விட்டிட்டு வெறுஞ் சுவரை ஏன் எடுக்கிறாய்' எண்டு நீங்கள் கத்துறது வடிவாக் கேக்குது. அந்த இடத்தில நிப்பாட்டி, இங்கிலிஷில விளங்கப்படுத்தினனான். இவதான் எங்கட சாட்சி எண்டனான்."

மூத்தவர் கோட்டை இழுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்ர பேரையும் சொன்னனியோ?"