ஆற்றங்கரைச் சங்கு

தம்பி: ...அந்தச் சங்கு விஷயத்தைச் சொல்லவா ரெண்டு பஸ் மாறி வந்தே? போன்ல சொன்னாப் போதாதா?

அக்கா: போன்ல நீ "சரிக்கா, சரிக்கா"ன்னு வெச்சிடுவே. அது சரி, காலை ஏன் ஸ்டூல் மேல நீட்டி வெச்சிருக்கே?

தம்பி: பாத்ரூம்ல வழுக்கிடுச்சு. நீ விஷயத்துக்கு வா.

அக்கா: குரலும் கட்டிப்போயிருக்கு.

தம்பி: சளி. நீ எப்ப டாக்டர் ஆனே? கம்ப்யூட்டர் கம்பெனின்னுதானே கேள்விப்பட்டேன்.

அக்கா: கிண்டல் மட்டும் குறையல... அம்மா போனப்புறம் இன்னிக்குத்தான் இந்த வீட்டுக்குள்ள கால் வெக்கறேன். ஒரு வாய் தண்ணி குடுக்கத் தோணுதா உனக்கு?

தம்பி: பாட்டில் ஜன்னல்ல இருக்கு, எடுத்துக்கோ. எழுந்தா வலிக்குது.

அக்கா: சரி, கேளு. அணையில தண்ணி ஏறினா அங்க இருக்கற கருவி சேதி அனுப்பும். அதை எங்க சர்வர் வாங்கி, கரையில இருக்கற அபாயச் சங்குக்குச் சைகை காட்டும். சங்கு உடனே சர்வரைக் கூப்பிட்டுச் சேதியை வாங்கிக்கிட்டு ஊதும்...

தம்பி: அந்த அணை ஷட்டரைத் திறந்து மூடறவனே நான்தான். எனக்கே பாடமா?

அக்கா: குறுக்கே பேசாதே. அந்தச் சங்குப் பெட்டிக்குள்ள நாங்க எழுதின சின்ன புரோகிராம் ஒண்ணு இருக்கு. லைப்ரரின்னு சொல்வோம். அது இருந்தாத்தான் எங்க சர்வரோட பேச முடியும். உங்களுது ரொம்பப் பழைய வெர்ஷன். புதுசு வந்தா, பழசுக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் சப்போர்ட். அதுக்கப்புறம் அது கூப்பிட்டாலும் சர்வர் காது குடுக்காது. உங்களுதுக்கு அந்த ரெண்டு வருஷம் எப்பவோ முடிஞ்சாச்சு. எல்லாருக்கும் முன்கூட்டியே எழுதிச் சொல்லிடுவோம்.

தம்பி: எங்களுக்கு எழுதலியே.

அக்கா: எழுதினோம். உங்க பழைய இன்ஜினியர் அட்ரஸுக்கு.

தம்பி: அவருக்கா? அவர் ரிட்டயர் ஆகி மாடியில ரோஜாச் செடி வளர்க்கறார். செடிக்குப் படிச்சுக் காட்டியிருப்பார்.

அக்கா: சிரிக்காதேடா. வருஷா வருஷம் கோடையில எங்களுக்கு மீட்டிங். பழசை இன்னும் யார் வெச்சிருக்காங்கன்னு பார்ப்பாங்க. கடைசி மூணு மாசத்துல எது கூப்பிட்டிருக்கோ அதுதான் கணக்கு. உன் சங்கு அதுல வரவே வராது. யாருமே இல்லியே, மூடிடலாம்பார் மேனேஜர். நான் எழுந்திருப்பேன். அது தினம் கூப்பிடற ரகம் இல்ல சார், தண்ணி ஏறினாத்தான் வாயைத் திறக்கும், கோடையில தேடினா எப்படிக் கிடைக்கும்னு கேப்பேன். ஒரே ஒரு சங்குக்காகவான்னு தலையில அடிச்சுப்பார். அதுக்குக் கீழ துணி துவைக்கறவங்க இருக்காங்க, மணல்ல பந்து விளையாடற பசங்க இருக்காங்கம்பேன். சரி, இன்னும் ஒரு வருஷம்னு விட்டுடுவாங்க.

தம்பி: தெரியும். அன்னிக்கே எனக்கு போன் பண்ணுவியே.

அக்கா: ம்... சனிக்கிழமை ஷட்டர் திறந்தீங்களா?

தம்பி: திறந்தோம். மேல நல்ல மழை.

அக்கா: சங்கு ஊதிச்சா?

தம்பி: ...ஊதிச்சே. நல்லாவே ஊதிச்சு.

அக்கா: கரையில இருந்தவங்களுக்குக் கேட்டுதா?

தம்பி: கேக்காம? ஒரு ஆள் பாக்கியில்லாம மேல ஏறிட்டாங்க.

அக்கா: யார் சொல்லி ஏறினாங்க?

தம்பி: என்ன கேள்வி இது... சங்கைக் கேட்டுத்தான்.

அக்கா: இத்தனை வருஷமா மழைக்காலத்துல ஒரு நாள் உன் சங்கு கூப்பிடுதான்னு பார்க்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. சனிக்கிழமை தோணிச்சு. நாள் பூரா சர்வர் முன்னாடிதான்டா உக்காந்திருந்தேன். உன் சங்கு ஒரு தடவை கூப்பிட்டாப் போதும், அதைக் காட்டி மேனேஜர் வாயை அடைச்சிடலாம்னு. அணையிலேருந்து சேதி வந்துச்சு. சர்வர் அதைக் கையில வெச்சுக்கிட்டுக் காத்திருந்துச்சு. வாங்கிக்க யாரும் வரல.

தம்பி: ...லைன்ல ஏதாவது கோளாறா இருக்கும்.

அக்கா: இப்ப கரை வழியாத்தான் நடந்து வந்தேன். ஒரு பொம்பளை துணி அலசிட்டிருந்தா. சங்குச் சத்தம் இங்க கேக்குமான்னு கேட்டேன். சங்கா, அது எங்க இருக்குன்னா. தண்ணி வர்றதுக்கு முன்னாடி ஷட்டர்க்காரர் பைக்ல ஹாரன் அடிச்சுக் கத்திக்கிட்டே கரை நெடுக வருவாராம். அவர் குரல் கேட்டா துணியை அப்படியே போட்டுட்டு ஏறிடுவாங்களாம். போன வாட்டி பள்ளத்துல விழுந்து, நொண்டிக்கிட்டே ஓடினாராம் பாவம். பாத்ரூம்ல எங்கடா அவ்ளோ பெரிய பள்ளம்?

தம்பி: ...அவளுக்கு வாய் ஜாஸ்தி.

அக்கா: நாளைக்கும் திறக்கறாங்களாமே. இந்தக் காலை வெச்சுக்கிட்டு எப்படி பைக்கை உதைப்பே?

தம்பி: பார்த்துக்கலாம்.

அக்கா: என்னத்தைப் பார்த்துப்பே? நான் ஓட்டறேன். நீ பின்னாடி உக்காந்து கத்து.

தம்பி: நீயா?

அக்கா: உனக்கு ஓட்டக் கத்துக்குடுத்ததே யாரு? ...இன்னொண்ணும் சொல்லணும். உங்க பெரிய ஆபீஸுக்குப் போயிட்டுத்தான் இங்க வந்தேன். சங்கு ஊமைன்னு எழுதிக் குடுத்துட்டேன்.

தம்பி: அக்கா...

அக்கா: பழைய வெர்ஷனை மூடச் சொல்லி நேத்து நானே கையெழுத்தும் போட்டுட்டேன். அதுக்கு நாங்க சப்போர்ட் குடுக்கற வரைக்கும் உங்காளுங்க அசைய மாட்டாங்க. ஓடிட்டுத்தானே இருக்குன்னு சொல்லியே காலத்தை ஓட்டுவாங்க. இனி புதுப் பெட்டி மாட்டித்தான் ஆகணும்.

தம்பி: இத்தனை வருஷம் காப்பாத்தி வெச்சிட்டு... நீயேவா?

அக்கா: நானேதான். வேற யார் செஞ்சிருந்தாலும் எனக்கு மனசு ஆறியிருக்காது. ...எப்போடா செத்துது அது?

தம்பி: உயிர் இருந்தாத்தானே சாகறதுக்கு. திறப்பு விழாவுல கையால சுவிட்சைத் தட்டி ஊத வெச்சாங்க. கை தட்டினாங்க, போனாங்க. அதோட சரி. ஒரு மழைக்கும் ஊதல. நானும் ஆபீஸுக்கு எழுதிப் போட்டேன். பார்க்கறோம்னாங்க... தண்ணி அதுவரைக்கும் நிக்குமா? பைக்கை எடுத்தேன்.

அக்கா: அப்போ இல்லாத ஒண்ணுக்காகவா நான் வருஷா வருஷம் மல்லுக்கு நின்னேன்? ஆபீஸுக்கு எழுதினவன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே ஏதாவது பண்ணியிருப்பேனே. ஏன்டா சொல்லல?

தம்பி: "உன் சங்குக்காக இன்னிக்கும் சண்டை போட்டேன்டா"ன்னு கூப்பிடுவியேக்கா... அம்மா போனப்புறம் உன்கிட்டேருந்து எனக்கு வர்ற போன் அது ஒண்ணுதான்.