பருத்திப்பட்டுக் கிளை

— மணி மூன்றேகால் ஆகிவிட்டது, வரலட்சுமி. ஆவடியில் ரயிலைவிட்டு இறங்கி, மாட்டுவண்டியில் குலுங்கிக் குலுங்கி நான் வந்தது, ஏரிக்கரையில் ஒரு புங்கமரத்தைப் பார்த்துவிட்டுப் போவதற்கு அன்று. உன் மாணவிகள் எங்கே?

— வருவாங்க ராணி. மூணு மணின்னா பருத்திப்பட்டில நாலு மணின்னு அர்த்தம். முதல்ல மோரைக் குடி.

— மோர் பிறகு ஆகட்டும். சங்கத்து விதியை நான் உனக்கு நினைவூட்ட வேண்டுமா? பார்வையிடும் நாளில் பத்துப் பெண்களுக்குக் குறைவாக இருப்பின் அந்தக் கிளை மூடப்படும்.

— அந்த விதியை எழுதினவளே நீதானே! துரைசானி பிரின்ஸிபால் கீழே மணியடிச்சுக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க; நீ ஹாஸ்டல் மொட்டைமாடியில இருபத்திரண்டு பேரையும் வட்டமா உட்காரவச்சு விதி எழுதறே. கல்லூரியை விட்டுப் போனாலும் ஒருத்தரை ஒருத்தர் விடமாட்டோம், படிச்சதை ஊருக்குக் கொடுப்போம்னு எல்லாரையும் சொல்லவச்சே. எனக்கு அன்னிக்குத் தொண்டை அடைச்சுப் போச்சு.

— உனக்குத் தொண்டை அடைத்தது பக்கோடாவினால்.

— அதுவும்தான்.

— சிரிக்காதே. நான் இன்று சகோதரிகள் சேவா சங்கத்தின் செயலாளராக வந்திருக்கிறேன்.

— தெரியுது. சிநேகிதியா வந்திருந்தா வண்டியைவிட்டு இறங்கினதும் கட்டிப் பிடிச்சிருப்பே. ஹைஸ்கூல்ல மூணு வருஷம் இலக்கணம் நடத்தி நடத்தி, மூச்சு விடறதைக்கூட எழுவாய் பயனிலையோட விடறே.

— பேச்சை மாற்றாதே. இன்று பத்துப் பேர் வராவிட்டால் என்ன ஆகும்?

— உனக்கு ஒண்ணும் ஆகாது. அஞ்சரை மணி ரயிலைப் பிடிச்சுப் போயிடுவே. எனக்குத்தான்... எங்க மாமனார் முடிவாச் சொல்லிட்டார், ராணி. "பட்டணத்துச் சங்கத்திலேருந்து வர்ற அம்மா, வகுப்பு ஒழுங்கா நடக்குதுன்னு கையெழுத்துப் போட்டுக் கடிதாசி கொடுத்தா, சனிக்கிழமை போ. இல்லேன்னா இந்த வாரத்தோட நிறுத்திட்டு வீட்டைப் பார்த்துக்கோ" அப்படின்னார். இந்த ஒரு நாள் இருக்கிறதாலதான்டி மத்த ஆறு நாளும் நான் சிரிச்ச முகமா இருக்கேன்.

— இதை நீ கடிதத்தில் எழுதவே இல்லையே.

— எழுதினா நீ இரக்கப்பட்டு, அஞ்சு பேரைப் பத்து பேர்னு எழுதிடுவே. பொய்யா ஒரு கடிதாசி எனக்கு வேண்டாம்.

— நான் அப்படி எழுதமாட்டேன்.

— எழுதுவே. பரீட்சைக்கு முதல் நாள் எனக்காக அழுதவதானே நீ.

— அது இருக்கட்டும். அதோ, யாரோ ஒரு பெண் வரப்பின்மேல் ஓடிவருகிறாள். முழங்கால் வரையில் சேறு.

— அவதான் அங்கம்மா! வருகைப் பதிவில முதல் பேரு அவளோடதுதான். என்ன அங்கம்மா, நீ மட்டும் வர்றே? மத்தவங்க எங்கே?

— இருங்கோ டீச்சரம்மா, மூச்சு வாங்குது. இவங்கதான் பட்டணத்தம்மாவா? கும்புடறேங்கோ. எல்லாம் நடவுல மாட்டிக்கினாங்கோ. பெரியவரு காலையில மானத்த அண்ணாந்து பாத்துட்டாரு. "மய வரப்போவுது, நாத்து முச்சூடும் இன்னிக்கே நட்டாவணும், முடிக்காம ஒருத்தியும் கரையேறக் கூடாது"ன்னுட்டாரு.

— எங்க மாமனாரா? இன்னிக்குன்னு பார்த்தா?

— உன் மாமனார் எத்திராஜ நாயக்கர் இதனை வேண்டுமென்றே செய்திருப்பாரோ?

— அய்ய, அதெல்லாம் இல்லீங்கோ. தங்கமான மனுசன். நாத்தப் பாத்தா மட்டும் ஆளு கண்ணுக்குத் தெரியாது.

— சரி. உன் மாணவிகள் பத்துப் பேரும் நாற்று நடுகிறவர்கள்தாமா, வரலட்சுமி?

— இல்லை. அங்கம்மாவைச் சேர்த்து ஆறு பேர் சேரியில இருக்கிற கூலிக்காரங்க. மத்த நாலு பேர் எங்க ஊர் நிலக்காரங்க வீட்டுப் பொம்பளைங்க. எங்க மாமனாரோட தங்கச்சி பூங்காவனம் அத்தை, கெங்கம்மாள், இன்னும் ரெண்டு பேர். இவங்க நாலு பேரும் வயல்ல கால் வைக்கிறவங்க இல்லை.

— ஊரும் சேரியும் ஒரே பாயிலா? நீ இதை எப்படிச் சாதித்தாய்?

— நான் எங்கே சாதிச்சேன்? உன் விதி சாதிச்சுது. மாணவிகள் அகர வரிசைப்படி அமர வேண்டும்னு எழுதி வச்சியே! நான் ஒண்ணும் யோசிக்காம, ஹாஸ்டல்ல உட்கார்ந்த மாதிரியே உட்காரவச்சுட்டேன். பூங்காவனம் அத்தைக்குப் பக்கத்தில யாரு? சேரிப் பொன்னியம்மா. முதல் நாளே ஊர்ப் பொம்பளைங்க நாலு பேரும் புடவையை உதறிக்கிட்டு எழுந்து போயிட்டாங்க.

— ஐயோ! பெயர் கூப்பிடும்போது குழப்பம் வராதிருக்க எழுதிய விதி அது. ஊர் நடப்பு அறியாமல் எழுதிவிட்டேன்.

— அறியாம எழுதினதே நல்லதாப் போச்சு. அங்கம்மா, அந்தக் கதையை நீ சொல்லு. நீ சொன்னாத்தான் நல்லா இருக்கும்.

— சொல்றேன் கேளுங்கோ. பூங்காவனத்தம்மா புள்ள ரங்கூன்ல கீது. அதுக்குக் காயிதம் எய்த ஊர்ல ஒவ்வொருத்தனா கெஞ்சிக்கினு இருந்துச்சு இந்தம்மா. ரெண்டு வாரம் ஊட்லயே மொறச்சிக்கினு இருந்துட்டு, மூணாவது வாரம் தனியா வந்து, பொன்னியம்மாவுக்கு ஒரு கெஜம் தள்ளிக் குந்திக்கிச்சு. அன்னிக்குப் பாத்து டீச்சரம்மா பரிச்ச வெச்சிட்டாங்கோ. பொன்னியம்மா கடகடன்னு எய்துது. இதுக்கு ஒண்ணுமே வரல. கெஜம் மொயமாச்சு. மொயம் சாணாச்சு. அப்பறம் பாத்தா, பொன்னியம்மா பலகையில மூக்கு இடிக்கறாப்புல குனிஞ்சு, பாத்து எய்திக்கினு கீது!

— பார்த்து எழுதினாரா? தேர்விலா?

— கையும் களவுமாப் பிடிச்சேன்! "அத்தை, வேற இடத்தில உட்காருங்க"ன்னேன். "மாட்டேன், அகர வரிசையில என் இடம் இதுதான், மாத்த நீ யாரு?"ன்னு என்கிட்டயே சண்டைக்கு வந்துட்டாங்க. அன்னிக்கு ஒட்டினவங்கதான். அவங்களைப் பார்த்து மத்த மூணு பேரும் திரும்பி வந்தாங்க.

— கேட்கவே மனம் குளிர்கிறது. ஆனால் நான் என் கண்ணால் காண்பது ஒருத்தியைத்தான். ஐந்து பேர் சேற்றில், நால்வர் வீட்டில்.

— ஆமாம் ராணி. நடவு முடிய ஆறு மணி ஆயிடும். உன் ரயில் போயிடும்.

— நால்வரு ஊட்ல கீறாங்கோன்னு யாரு சொன்னது? நான் இன்னாத்துக்கு இப்டி ஓடியாந்தேன்? அத்த சொல்ல உடாம ரெண்டு பேரும் பேசிக்கினே கீறீங்கோ!

— சொல்லு தாயே, சொல்லு!

— கெங்கம்மா வரப்புல வந்து நின்னு, "இன்னாடி இது, பட்டணத்தம்மா வந்துட்டாங்கோ, நீங்க இன்னும் கரையேறலியா"ன்னு கத்துச்சு. கூடவே பூங்காவனத்தம்மாவும் வந்துச்சு. பொடவைய முயங்காலுக்கு மேல இஸ்து சொருவிச்சு. பொதக்குனு சேத்துல எறங்கிடுச்சு!

— பூங்காவனம் அத்தையா?

— அதேதான்! பொன்னியம்மா கையில இருந்த நாத்து முடியில பாதியப் புடுங்கிக்கினு நட ஆரம்பிச்சிடுச்சு. அதுக்கு நேரா நடத் தெரியுதா? பொன்னியம்மா போட்டு அதட்டுது: "கோணிக்கினு போவாதம்மா, என்னப் பாத்து நடு"ன்னு!

— அங்கேயும் பார்த்துத்தானா!

— அத்தப் பாத்து மத்த மூணு பேரும் எறங்கிட்டாங்கோ. ஒம்போது பேரும் நீங்க பேரு கூப்புடுற வரிசையிலயே நிக்கறாங்கோ, டீச்சரம்மா. யாரும் சொல்லல, காலு அதுவா அங்க போயி நின்னுக்கிச்சு. பெரியவரு கொடைய மடக்கிக்கினு வரப்பு மேலயே குந்திட்டாரு. தொறந்த வாயி மூடல!

— எங்க மாமனாரை அப்படிப் பார்க்க நான் கொடுத்து வைக்கலையே! நடவு முடிஞ்சுதா?

— நான் ஓடியாரும்போதே ஒரு மூலதான் பாக்கி, தோ திரும்பிப் பாருங்கோ. ஏரிக்கரை மேல வர்றது யாரு? கைகாலு கூடக் கழுவல. சிரிக்கற சத்தம் இங்க கேக்குது பாருங்கோ.

— ஒன்று, இரண்டு, மூன்று... எட்டு, ஒன்பது. இந்த அங்கம்மாவோடு பத்து. பத்துப் பேர், வரலட்சுமி!

— பத்து பேர்! ஏண்டி, அழறியா என்ன? அழாதேடி. பேனாவை எடு. கையெழுத்துப் போட்டுக் கடிதாசி எழுது. இன்னும் அரைமணியில உன்னை நானே ஆவடியில கொண்டுபோய் விடறேன்.

— என்னால் எழுத முடியாது, வரலட்சுமி.

— ஏன்? பத்து பேர் நிக்கிறாங்களே!

— பெண்கள் இருக்கிறார்கள். சங்கம் இல்லை.

— என்ன சொல்றே?

— இருபத்திரண்டு பேரில் மாதம் தவறாமல் எழுதியவள் நீ ஒருத்தி. மற்றவர்களுக்குக் கல்யாணம், குழந்தை, மாற்றல். எனக்கு அவை ஒன்றும் இல்லை. ஆயினும் நானும் ஒரு கிளையை நடத்தவில்லை. சென்ற மாதம் கூட்டம் கூட்டினேன். வந்தவள் நான் மட்டும். சங்கத்தைக் கலைக்கும் தீர்மானத்தை நானே முன்மொழிந்து, நானே வழிமொழிந்து, எதிர்ப்பின்றி நிறைவேற்றினேன். நீ எழுதியவையும் பாதி கற்பனையாக இருக்கும் என்றெண்ணி, சங்கத்துக் கற்பலகைகள் இருபதையும் வாங்கிக்கொண்டு போய் எங்கள் பள்ளியில் ஒப்படைக்கத்தான் வந்தேன். என்னை மன்னித்துவிடு.

— மன்னிக்கிறதென்ன, நீ என் ராணிதானே. ஆனா... இல்லாத சங்கத்துக்குக் கிளை ஏது? எங்க மாமனார்கிட்ட யாரோட கையெழுத்தைக் காட்டுவேன்? சரி, போகட்டும். பலகைப் பெட்டி அங்கம்மா வீட்டிலதான் பத்திரமா இருக்கு. இருபதையும் எடுத்துக் கொடுத்துடு, அங்கம்மா.

— இருவதுக்கு நான் எங்க போவேன்? என்னாண்ட பத்துதான் கீது, மீதி பத்தும் காட்டுப்பாக்கத்துல கீது. மவ ஊட்டுக்குப் போறேன்னு சொல்லிக்கினு பூங்காவனத்தம்மா மூணு மாசமா பொதன்கெயமெ தவறாம பொன்னியம்மாவக் கூட்டிக்கினு அங்க போயி, தப்புத்தப்பா சொல்லிக்குடுத்தா டீச்சரம்மா வைவாங்கோன்னு வாயத் தொறக்காம, பதினாலு பொம்பளைங்கள வரிசையா குந்த வெச்சி சங்கம் நடத்திக்கினு கீறாங்கோ, அத்தயும் சேத்து எய்துங்கோ பட்டணத்தம்மா!