விளக்கெரிந்ததும் ஓடிய எலி

தம்பி: …லேப் எலிக்குப் பேரெல்லாம் வச்சிருக்கியா!

அக்கா: ‘மாப்பிள்ளை’. சாப்பாடு வந்தாத்தான் கண்ணையே திறப்பான்.

தம்பி: மாமா காதுல விழுந்துடப் போகுது.

அக்கா: விழட்டும். வாயை மூடிட்டு இந்தத் திரையைப் பாரு. கூண்டுல விளக்கு போடறேன்.

தம்பி: அடேங்கப்பா… என்ன ஓட்டம்! பட்டனை அமுக்கு அமுக்குன்னு அமுக்கறானே. மருந்து வருதா?

அக்கா: ஒரு சொட்டு வராது. முன்னெல்லாம் விளக்கு எரியறப்ப அமுக்கினா போதை மருந்து வரும்; அதை நிறுத்தி மாசக்கணக்காச்சு. வேற கூண்டுல சமத்தாத்தான் இருந்தான். இன்னைக்குத்தான் பழைய கூண்டுல விட்டேன்.

தம்பி: இந்தக் கோடு ஏன் சரசரன்னு மேல…

அக்கா: அதான் டோபமைன். மூளைக்குள்ள சுரக்கறது. ஆரம்பத்துல மருந்து உள்ள போனா ஏறும். பழகிட்டா, விளக்கைப் பார்த்தாலே ஏறிடும்.

தம்பி: அவ்வளவு பிடிச்சுப் போச்சு, பாவம்.

அக்கா: பிடிக்குதா இல்லையாங்கறது வேற கதை. இது, ‘போ, போய் எடு’ன்னு முதுகுல கை வச்சுத் தள்ளும். அதோட வேலை அவ்வளவுதான்.

தம்பி: ம்…

அக்கா: என்ன ம்? நாளையிலேர்ந்து நீ மறுபடி ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். முகத்தை ஏன் தூக்கி வச்சிருக்க?

தம்பி: உனக்கு எப்படி… நான் யார்கிட்டயும் சொல்லலையே!

அக்கா: இரு, இவன் உடம்புல மருந்து ஏத்தற ட்யூபைக் கழுவணும். அந்த ஆம்பியூலை, அந்தக் கண்ணாடிக் குப்பியை எடு… குடு, நானே கழுத்தை உடைக்கறேன்.

தம்பி: ஆ!

அக்கா: ஒரு சின்ன ‘டக்’குக்கு இப்படித் தூக்கிப் போடுதே உனக்கு! வெறும் உப்புத் தண்ணிடா. ஏன் வேர்த்துக் கொட்டுது?

தம்பி: ஃபேன் இல்லையே…

அக்கா: ஏசி ரூம்டா இது.

தம்பி: பேச்சை மாத்தாதே. யார் சொன்னா உனக்கு?

அக்கா: நான்தான் உங்க ஆஸ்பத்திரி பெரிய டாக்டர் முன்னாடி போய் நின்னேன். ‘தியேட்டர்ல ஆம்பியூல் உடைச்சு வலி மருந்தைத் திருடிப் போட்டுக்கிட்டது தப்புதான், இப்ப அடியோட விட்டுட்டான், பொறுப்பா தினமும் லேபுக்கு வந்து என்னைக் கூட்டிட்டுப் போறான்’னு கெஞ்சினேன். சொன்னா கோவிச்சுப்பன்னு மறைச்சேன். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா…

தம்பி: விட்டது நிஜம்க்கா. ஒரு துளி தொடலை.

அக்கா: அப்புறம் என்ன?

தம்பி: தியேட்டர் வேண்டாம்னு சொல்லிடுக்கா, வேற எந்த வேலைன்னாலும் செய்யறேன். நீ ஆம்பியூல் உடைக்கிற நேரமாப் பார்த்துத்தான் தினமும் வர்றேன்… அந்தச் சத்தத்தைக் கேட்க.