பழசு இரண்டு, புதுசு இரண்டு

நோலன் எழுந்தான். படுக்கையில் தன் பக்கத்தை மட்டும் சரிசெய்தான். அடுப்பைப் பற்றவைத்து ஒரு குவளைத் தண்ணீர் சுடவைத்தான். காப்பித்தூளைப் போட்டுக் கலக்கி, கசடு அடங்கும்வரை நின்றான். பல் துலக்கினான். கேரவனின் விளக்குப் பொத்தானை அழுத்திப் பார்த்தான். எரியவில்லை. நேற்றும் எரியவில்லை. வாசல்படியில் உட்கார்ந்து காப்பியைக் குடித்தான்.

குளிர்காலம் முழுக்க அந்த அரிசோனா பாலைவனத்தில் கேரவன்கள் வரிசையாக நின்றிருந்தன. ஏப்ரல் வெயில் ஏறியதும் எல்லாரும் வடக்கே கிளம்பிப் போய்விட்டார்கள். இவன் ஒருவன் பாக்கி.

கைப்பேசி அடித்தது. மின்னசோட்டாவிலிருந்து மாமனார் டேரல்.

“ஹலோ… ஆமா, எழுந்தாச்சு… பரவாயில்ல. அங்க?… அப்படியா… வயல் இன்னும் சேறாத்தான் இருக்கா… சரி சரி, டிராக்டர் இறங்காதுதான்… இங்க வெயில். மத்தியானம் வெளிய நிக்க முடியாது… ம்… அத்தை லவான் எப்படி இருக்காங்க?… ஓ, நீங்க வீட்டுல இல்லையா… டிராக்டர் கொட்டகையிலயா? அங்க போயா போன் பண்றீங்க?… சரி, சரி. அவங்க காதுல விழ வேண்டாம்னா வேண்டாம்.”

நேராக விஷயத்துக்கு வரும் பழக்கம் அந்த ஊரில் யாருக்கும் கிடையாது. டேரல் முதலில் வானிலை பேசுவார். அடுத்தது வண்டி. மகள் பேச்சு வர இன்னும் நேரமிருந்தது.

“பேட்டரியா… வாங்கிட்டேன். புதுசா ரெண்டு… எதுக்குன்னா, இருந்த ரெண்டும் பத்தல. சார்ஜ் ஏத்த அடிக்கடி கரன்ட் இருக்கிற முகாமுக்குப் போக வேண்டியிருந்தது. அங்க போனா பக்கத்து வண்டிக்காரங்க வந்துடுவாங்க. தனியாவா இருக்கீங்க, வீட்டுக்காரி எங்கன்னு… ம். நாலு இருந்தா எங்கயும் போக வேண்டாம்னு பார்த்தேன்… எங்க. ஒரு விளக்குகூட எரியல… ஆமா, நாலுமே… சேர்த்துத்தான் கட்டினேன். பழசு ரெண்டு, புதுசு ரெண்டு… ஆமா… ஆமா, தெரியும்… சிரிங்க. நல்லா சிரிங்க… கிழட்டுக் குதிரையோட இளங்குதிரையைப் பூட்டினா ரெண்டும் படுத்துடும். சரி, ஒத்துக்கறேன்.”

“பழசுல ஒண்ணு சுடுது… ஆமா, அழுகின முட்டை நாத்தம்… இல்ல, பக்கத்துல எதுவும் பத்தவைக்கல… பெட்டி வாசல்படிக்குக் கீழ இருக்கு. அது மேலதான் உட்கார்ந்திருக்கேன்… சரி… எழுந்துட்டேன். எழுந்துட்டேன் டேரல், கத்தாதீங்க.”

அவன் எழுந்திருக்கவில்லை. குவளையை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டான்.

“ம்… கேக்குது… மண்ணு இளகிடுச்சா… சனிக்கிழமையா… ம்.”

அவன் மனைவி சோல்வே ஜனவரியில் இங்கேதான் இறந்தாள். உடலை மின்னசோட்டாவுக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஊரில் ஜனவரி மண் பாறை, கடப்பாரை இறங்காது. சர்ச்சில் ஜெபம் முடிந்ததும் சவப்பெட்டியைக் கல்லறைத் தோட்டத்துச் சின்னக் கட்டடத்தில் வைத்துப் பூட்டினார்கள். பிறகு சர்ச்சின் கீழ்த்தளத்தில் பன்றி இறைச்சி வைத்த ரொட்டி சாப்பிட்டார்கள். மண் இளகியதும் மறுபடி கூடிப் புதைப்பார்கள். குளிர்காலத்தில் இறந்தவர்களுக்காக அங்கே இரண்டு தடவை அழ வேண்டும். நோலன் முதல் தடவையே அழவில்லை.

“நான் எப்படி வர முடியும்?… அதான் சொன்னேனே… எஞ்சின் ஓடுது. வண்டிதான் போகாது. இதுல ஒரு பக்கச் சுவர் வெளிய நகரும்ல… அதேதான், நீங்க உட்கார்ந்து தூங்கின சோபாவோட. அது நீட்டினபடி நிக்குது. உள்ள இழுக்கப் பேட்டரி வேணும். இப்படியே ரோட்டுல ஏறினா எதிர்ல வர்றவனை வழிச்சுப் போட்டுடும்… ஜெனரேட்டரா? அதைக் கிளப்பவே அந்தப் பேட்டரிதான்… ஓட்டிப் பார்த்தேன். எஞ்சின் ஏத்துறதை அந்தப் பழசு குடிச்சிடுது. சோலார் ஏத்துறதையும்தான்… ஆமா. மாட்டிக்கிட்டேன்… விமானத்துலயா? வண்டியை இப்படியே திறந்து போட்டுட்டா?… ம்… ம்.”

“பழசு ரெண்டையும் கழட்டிட்டா… ஆமா… புதுசு ரெண்டும் வெயில்ல தானா ஏறிக்கும். சாயங்காலத்துக்குள்ள சுவரு உள்ள வந்துடும்… தெரியும்… இல்ல, இப்ப நீங்க சொல்லித் தெரியல. முந்தாநாளே தெரியும்.”

மறுமுனையில் கொட்டகைத் தகரம் காற்றில் அடித்துக்கொள்ளும் சத்தம் மட்டும் வந்தது.

“இருக்கீங்களா?… ஸ்பேனர் இருக்கு… ஒரு நிமிஷ வேலைதான்… தெரியல டேரல். மூடியைத் திறப்பேன், பார்ப்பேன், மூடிட்டு வந்துடுவேன்… ஆமா, அந்த ரெண்டும் சோல்வே வாங்கினதுதான். அதுனால இல்ல… சரி, அதுனால மட்டும் இல்ல.”

“என்ன கல்லு?… நாளைக்கு வெட்டுறாங்களா… பேரு, தேதி. சரி. அதுக்குக் கீழ என்ன?… சொல்லுங்க… ‘வீட்டுக்குப் போகிறேன்’. ஓ… அவ கடைசியாச் சொன்னதுன்னு போடுறாங்களா.”

அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் வடக்கே பனிப்புயல். விமானங்கள் கிளம்பவில்லை. பெற்றவர்கள் வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. கடைசியாக என்ன சொன்னாள் என்று லவான் கேட்டார். வீட்டுக்குப் போறேன்னு சொன்னாளா என்றும் அவரே கேட்டார். நோலன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள். பாதிரியார் அதைப் பரலோக வீடு என்று வைத்தே பிரசங்கம் செய்தார். இப்போது கல் வரை வந்துவிட்டது.

“லவானுக்கு அது ஆறுதல்னா இருந்துட்டுப் போகட்டுமே… ம்… நீங்க நம்பலையா… ஏன்?… ஆமா. அவ அப்படிப் பேசுற ஆளு இல்ல… நீங்களும் அன்னிக்கு சர்ச்சுல அதைத்தான் நினைச்சீங்களா. அப்ப ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல… இல்ல, உங்க மேல கோபமில்ல. அதான் டேரல். சனிக்கிழமை வந்தா அந்தக் கல்லு முன்னாடி நிக்கணும். ஒவ்வொருத்தரா வந்து, பாரு, எவ்வளவு நிம்மதியாப் போயிருக்கான்னு சொல்லுவாங்க. ஒவ்வொருத்தருக்கும் நான் தலையாட்டணும்… ஆமா. அதுக்குத்தான். பேட்டரி சும்மா.”

“அதைக் கேக்காதீங்க… ம்… இல்ல… லவானுக்குச் சொல்லமாட்டீங்க, தெரியும். அதுக்காக இல்ல. நல்லா இருக்காது அது. கல்லுல வெட்டுற மாதிரி இல்ல… எனக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான் டேரல்.”

அது உன்கிட்டயே இருக்கட்டும், நீ வந்தாப் போதும் என்றார் டேரல். அதற்குமேல் நீட்டவில்லை. நோலன் கேட்டுக்கொண்டான். பிறகு எழுந்து, கைப்பேசியை மேல்படியில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டான். உள்ளே போய் ஸ்பேனரை எடுத்துவந்து கீழ்ப்படியின் மூடியைத் தூக்கினான். நாற்றம் முகத்தில் அடித்தது.

“கேக்குதா?… பெட்டியைத் திறந்துட்டேன்… கறுப்பு வயர் முதல்ல, தெரியும்… இருங்க, துரு… ம்… வந்துடுச்சு… ஆமா, உப்பிப் போயிருக்கு. தூக்கி மணல்ல வெச்சுட்டேன்… ரெண்டாவதும்… சரி. புதுசு ரெண்டும் மட்டும்தான் இப்ப. இனி வெயில் பார்த்துக்கும்.”

அவன் மூடியைப் போடாமல் மண்டியிட்டபடியே இருந்தான். வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கவில்லை.

“ம்… சரி, சாப்பிடறேன்… சரி, பார்த்து ஓட்டறேன்… டேரல். வைக்காதீங்க… இல்ல, வண்டி இல்ல. நடுவுல பேசாம கேளுங்க. அன்னிக்கு அவளுக்கு உதடு காய்ஞ்சு வெடிச்சிருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவுல ஐஸ் போடுற மெஷின் இருந்தது. டம்ளர் இல்ல. கையிலயே அள்ளிக்கிட்டு வந்தேன். ஒரு துண்டை வாயில வெச்சுட்டு அவ கையைப் பிடிச்சேன். அப்பத்தான் சொன்னா. சொன்னதும் எடுத்துட்டேன். கக்கத்துல வெச்சு சூடு பண்ணிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன், கொஞ்சம் சூடானதும் மறுபடி பிடிக்கலாம்னு… இல்ல… அதுக்குள்ள நர்ஸ் ஓடி வந்தாங்க. அப்பவும் என் கை கக்கத்துலதான் இருந்தது.”

“…இருக்கேன்… அழுங்க, பரவாயில்ல. நானும் இங்க யாருமில்லாமத்தான் இருக்கேன்… ம்… ம்… வரேன். சனிக்கிழமைக்குள்ள வந்துடுவேன். கல்லுக்காரர்கிட்ட பேரும் தேதியும் போதும்னு சொல்லிடுங்க. லவான்கிட்ட நான் நேர்ல வந்து சொல்லிக்கறேன், அவங்க என்னைத் திட்டினாலும் சரி… என்ன?… அவ சொன்ன மாதிரியே சொல்றேன். மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டு, ‘ச்சீ, தவளை மாதிரி இருக்கு. எடு கையை.’”