நாலாயிரத்துக்கு மேல போனால்

பிரிட்டா: மூவாயிரத்து இருநூறு டாலர்.

மார்லிஸ்: அவ்வளவுதானா?

பிரிட்டா: ...என்ன டீச்சர்?

மார்லிஸ்: இல்ல, அவ்வளவுதானான்னு கேட்டேன்.

பிரிட்டா: பதினாறு வருஷமா மரம் வெட்டுறேன். விலையைக் கேட்டு நெஞ்சைப் பிடிச்சவங்க உண்டு. மூஞ்சிக்கு நேரா கதவைச் சாத்தினவங்க உண்டு. அவ்வளவுதானான்னு கேட்ட முதல் ஆள் நீங்கதான்.

மார்லிஸ்: நிமிர்ந்து பாரு அதை. இத்தனை பெரிய ஓக் மரத்துக்கு மூவாயிரத்துச் சொச்சமா? கணக்கை இன்னொரு தடவை போடு.

பிரிட்டா: மூணாம் வகுப்புலயும் இதேதான் சொல்லுவீங்க.

மார்லிஸ்: அப்ப உனக்குத் தப்பா வரும்.

பிரிட்டா: அடிச்சு அடிச்சுச் சரியா வர வெச்சதே நீங்கதானே!

மார்லிஸ்: நான் யாரையும் அடிச்சதில்ல.

பிரிட்டா: கண்ணாலதான். அது போதாதா? பாருங்க டீச்சர், எனக்கே முதல்ல அதிகமாத்தான் தோணிச்சு. ஆனா உங்க பக்கத்து வீட்டுக்காரர் வேலியை எடுத்துட்டாரே. கிரேன் வண்டி பின்சந்து வழியா நேரா உள்ள வந்துடும். ஒரே நாள் வேலை.

மார்லிஸ்: அந்த மனுஷன் இருபது வருஷமா எடுக்காத வேலியை இப்பவா எடுக்கணும்!

பிரிட்டா: ஏன் டீச்சர், நல்லதுதானே?

மார்லிஸ்: ...நல்லதுதான். ரொம்ப நல்லது. ருபார்ப் கேக் எடுத்துக்கோ.

பிரிட்டா: வேண்டாம் டீச்சர்.

மார்லிஸ்: ஒரு துண்டு.

பிரிட்டா: இல்ல, பரவாயில்ல.

மார்லிஸ்: யாரும் சாப்பிடலன்னா வீணாத்தான் போகும்.

பிரிட்டா: அப்ப சின்னதா ஒண்ணு... அட, இதுவா சின்னது?

மார்லிஸ்: மரத்தைப் பத்தி ஒண்ணு கேட்கணும். ஏப்ரல் வந்துட்டா ஓக் மரத்தை வெட்டக் கூடாதாமே? வெட்டின வாசத்துக்கு வண்டு வந்து, ஊர்ல இருக்கற மத்த ஓக்குக்கெல்லாம் நோயைப் பரப்பிடுமாமே?

பிரிட்டா: ஆமா. ஜூலை வரைக்கும் கிட்டயே போகக் கூடாது.

மார்லிஸ்: அடடா. அப்ப இந்த வருஷம் முடியாதுன்னு சொல்லு.

பிரிட்டா: இன்னைக்கு மார்ச் ஆறு, டீச்சர்.

மார்லிஸ்: ஆனா நீ எப்பவும் பிஸியா இருப்பியே.

பிரிட்டா: வியாழக்கிழமை காலியா இருக்கேன்.

மார்லிஸ்: இந்த வியாழக்கிழமையா!

பிரிட்டா: இதேதான்... காபி சிந்துது, டீச்சர்.

மார்லிஸ்: சிந்தட்டும். பிரிட்டா, கிரேன் வண்டி எவ்வளவு கனம் இருக்கும்?

பிரிட்டா: நல்ல கனம்.

மார்லிஸ்: நீ நிக்கிற இடத்துக்குக் கீழதான் செப்டிக் டேங்க்.

பிரிட்டா: இங்கயா? முதல்லயே சொல்ல மாட்டீங்களா! அப்ப தரையில கனத்த பலகை விரிக்கணும். அதுக்கு ஒரு இருநூறு.

மார்லிஸ்: மூவாயிரத்து நானூறு! அப்படிச் சொல்லு.

பிரிட்டா: உங்க முகத்துல இவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்ல.

மார்லிஸ்: கேக்கைச் சாப்பிடு. இந்த மின்கம்பி வேற குறுக்க போகுதே? ஆபத்தாச்சே அது?

பிரிட்டா: அதை மின்சாரக் கம்பெனிக்காரங்களே வந்து கழட்டிக் குடுத்துடுவாங்க. இலவசம்.

மார்லிஸ்: ச்சே... சரி, அந்தத் தேன்கூட்டுப் பெட்டிங்க?

பிரிட்டா: பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட பேசிட்டேன். அவரே நகர்த்திக்கிறாராம்.

மார்லிஸ்: எதுக்குத்தான் இந்த ஊர்ல எல்லாரும் இவ்வளவு நல்லவங்களா இருக்காங்களோ!

பிரிட்டா: ஆங், மறந்தே போயிட்டேன். டீச்சர்மாருக்கு என்கிட்ட பத்து சதவீதம் தள்ளுபடி. கழிச்சா... மூவாயிரத்து அறுபது.

மார்லிஸ்: வேண்டாம்.

பிரிட்டா: இருக்கட்டும் டீச்சர்.

மார்லிஸ்: வேண்டாம்மா. நான் ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆச்சு.

பிரிட்டா: டீச்சர்னா எப்பவும் டீச்சர்தான்.

மார்லிஸ்: வேண்டாம்னா வேண்டாம்!

பிரிட்டா: சரி, மூணு தடவை சொல்லிட்டீங்க. நம்ம ஊர் வழக்கப்படி மூணாவது வேண்டாம்தான் நிஜ வேண்டாம். மூவாயிரத்து நானூறுலயே நிக்கட்டும்.

மார்லிஸ்: நிக்கட்டும்னா... அதுக்கு மேல ஏறாதா?

பிரிட்டா: டீச்சர், நான் எழுதிக் குடுக்கற விலை, நான் நிஜமாவே வெட்டப்போற விலை. சும்மா ஏத்த மாட்டேன். ஆனா... வேற ஏதாவது இருந்தா சொல்லுங்க. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வெட்டின பிறகு அடிக்கட்டையை என்ன பண்ணப் போறீங்க? அப்படியே விட்டா தடுக்கி விழுவீங்களே?

மார்லிஸ்: விழுவேன். கண்டிப்பா விழுவேன்!

பிரிட்டா: குறுக்கே நாலரை அடி. மிஷின் வெச்சுத் தரையோட தரையா அரைச்சு எடுக்க நானூறு.

மார்லிஸ்: மூவாயிரத்து எண்ணூறு.

பிரிட்டா: தொட்டுப் பார்த்தீங்களா டீச்சர், இந்தப் பட்டையை? என் உள்ளங்கை முழுசா இடுக்குல போகுது. அந்தக் காலத்துல இங்க கண்ணுக்கு எட்டின தூரமும் புல்வெளி. வருஷா வருஷம் தீப்பிடிச்சு எரியும். மத்த மரமெல்லாம் பஸ்பமாயிடும். இது மட்டும் இந்தத் தோலைப் போர்த்திக்கிட்டு நின்னிருக்கு. பாருங்க, இந்தக் கறுப்புத் தழும்பு.

மார்லிஸ்: எத்தனை வயசு இருக்கும்?

பிரிட்டா: இருநூத்தம்பது. முந்நூறுகூட இருக்கலாம். இந்தப் பேட்டையில வீடு வர்றதுக்கு முன்னாடி, சோளம் வர்றதுக்கு முன்னாடி, எங்க ஆளுங்களும் உங்க ஆளுங்களும் நார்வேயிலேர்ந்து அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறறதுக்கு ரொம்ப முன்னாடி. கட்டைச் சுத்தியலால தட்டிப் பார்த்தேன், எங்கயுமே பொந்துச் சத்தம் வரல. இப்படி ஒரு மரத்தை என் வாழ்நாள்ல ரெண்டோ மூணோ பார்த்திருப்பேன்.

மார்லிஸ்: நீ பேசறதைக் கேட்டுக்கிட்டே இருக்கலாம் போல இருக்கு. சர்ச் மரத்துல போன வருஷம் நீ ஏறினப்ப நான் காரை ஓரமா நிறுத்திட்டு ஒரு மணி நேரம் பார்த்தேன், தெரியுமா? கயித்துல தொங்கிக்கிட்டு, ஒரு இலை வீணா உதிராம... ஏழாம் வாய்ப்பாட்டுக்கு அழுத பொண்ணா இதுன்னு எனக்கு அவ்வளவு பெருமை.

பிரிட்டா: எட்டாம் வாய்ப்பாடு. ...இந்தக் கிளைதான் ஆகஸ்ட் புயல்ல ஒடிஞ்சதா?

மார்லிஸ்: அதேதான். எங்க வீட்டுக்காரர் வெர்லினோட புது பிக்கப் வண்டி மேல விழுந்துச்சு. வாங்கி ஆறே வாரம்.

பிரிட்டா: பெரிய சத்தம் கேட்டிருக்குமே?

மார்லிஸ்: நான் தூங்கிட்டேன்.

பிரிட்டா: அந்தப் புயல்லயா!

மார்லிஸ்: ...கீழ சோபாவுல படுத்திருந்தேன்.

பிரிட்டா: மேல இந்த ஜன்னல்தானே உங்க படுக்கையறை? இப்ப அங்கதானே தூங்கறீங்க?

மார்லிஸ்: வெர்லின் தூங்கறார். நான் ஆகஸ்ட்லேர்ந்து கீழதான்.

பிரிட்டா: ஓ... ஏன் டீச்சர்?

மார்லிஸ்: இன்னொரு துண்டு கேக் வெக்கறேன்.

பிரிட்டா: டீச்சர்...

மார்லிஸ்: இரும்பு! மரத்துக்குள்ள இரும்பு இருந்தா என்ன ஆகும்?

பிரிட்டா: ரம்பத்துச் சங்கிலி போயிடும். இருங்க, இரும்பு காட்டற கோல் வண்டியில இருக்கு... ம். கேக்குதா? கீ...ங்னு. இங்க ஒண்ணு. இங்க. இங்க மூணு! என்ன டீச்சர் இது, மரமா ஆணிக் கடையா?

மார்லிஸ்: அது துணிக்கொடி. அது ஊஞ்சல். அங்க உயரத்துல இருக்கே, அது வெர்லின் ஆந்தைக்குன்னு அடிச்ச பெட்டி. ஆந்தை வரவே இல்ல. அணில்தான் குடித்தனம் பண்ணுது. ஒவ்வொரு வருஷமும் ஏணி போட்டு ஏறிச் சுத்தம் பண்ணிக் குடுப்பார். அணிலுக்கு!

பிரிட்டா: அந்த மனுஷனா இந்த மரத்தை வெட்டச் சொன்னது?

மார்லிஸ்: அந்த பிக்கப்போட நசுங்கின மூஞ்சியைப் பார்த்த பிறகு மனசு விட்டுப் போச்சு போல. போன ஞாயித்துக்கிழமை சாப்பிடறப்ப திடீர்னு, ‘மரத்தை எடுத்துடலாம், மார்லிஸ்’னார்.

பிரிட்டா: நீங்க என்ன சொன்னீங்க?

மார்லிஸ்: சரின்னேன். உருளைக்கிழங்கை இந்தப் பக்கம் தள்ளுன்னேன்.

பிரிட்டா: அவ்வளவுதானா?

மார்லிஸ்: வேற என்ன சொல்றது? வண்டியைப் பறிகொடுத்தவர் அவர்... சங்கிலிக்கு எவ்வளவு?

பிரிட்டா: மூணு சங்கிலி போகும். நூத்தி இருபது.

மார்லிஸ்: மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது. இன்னும் எண்பது... எண்பத்தொண்ணு வேணும்.

பிரிட்டா: எதுக்கு எண்பத்தொண்ணு?

மார்லிஸ்: கேக் இன்னும் மிச்சம் இருக்கு.

பிரிட்டா: டீச்சர்.

மார்லிஸ்: நாலாயிரத்துக்கு மேல போனா மரம் நிக்கட்டும்னு வெர்லின் சொல்லியிருக்கார். போதுமா? சொல்லிட்டேன். சமையல்கட்டு ஜன்னல்ல நின்னா எனக்கு இது மட்டும்தான் தெரியும், பிரிட்டா. பனி பெய்யும்போது பாரு, ஒவ்வொரு கிளையும் தனித்தனியா எழுதி வெச்ச மாதிரி நிக்கும். பள்ளிக்கூடத்துல என்ன கஷ்டம் நடந்தாலும் வந்து இதைப் பார்த்துக்கிட்டு நிப்பேன். எனக்கு இதை அவ்வளவு பிடிக்கும். வெட்டறதுன்னா என்னால தாங்க முடியாது. ஆனா அவர்கிட்ட போய் ‘உன் வண்டியைவிட எனக்கு மரம் பெரிசு’ன்னு எப்படிச் சொல்றது?

பிரிட்டா: நேராத்தான் சொல்லணும்.

மார்லிஸ்: இந்த ஊர்ல யாரு யார்கிட்ட எதை நேரா சொல்லியிருக்காங்க? நீ எண்பத்தொரு டாலர் ஏத்து. பொய்க் கணக்கு வேண்டாம். நிஜமாவே ஏதாவது தேடு.

பிரிட்டா: ஒண்ணு இருக்கு. இருநூறு.

மார்லிஸ்: எதுக்கு?

பிரிட்டா: மனசு வராத கூலி. வெட்டப் பிடிக்காத மரம்னா எங்க தொழில்ல எல்லாருமே விலையை ஏத்திச் சொல்லுவாங்க. நான் மட்டும்தான் இதுவரைக்கும் போட்டதில்ல. இதுக்குப் போடறேன். இந்த மரத்துல ரம்பம் வெக்கணும்னா எனக்கு அந்த இருநூறு நிஜமாவே வேணும். அன்னைக்குச் சாயங்காலம் குடிச்சே தீர்த்துடுவேன்.

மார்லிஸ்: நாலாயிரத்து நூத்தி இருபது! பிரிட்டா, உனக்கு நான் அன்னைக்கே நூத்துக்கு நூறு போட்டிருக்கணும்.

பிரிட்டா: அறுபத்திரண்டு போட்டீங்க. டீச்சர்... நானும் ஒண்ணு சொல்லிடறேன். சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். ஆனா உங்க கண்ணைப் பார்த்துக்கிட்டு எனக்கு மறைக்க வராது.

மார்லிஸ்: யாருக்கு வாக்குக் குடுத்தே?

பிரிட்டா: வெர்லின் சாருக்கு. போன வாரம் எனக்குப் போன் பண்ணினார். ‘இவ்வளவு பெரிய ஓக்குக்கு என்ன ஆகும்’னார். நாலாயிரத்து ஐந்நூறாவது ஆகும்னேன். அதை வெச்சுத்தான் உங்ககிட்ட நாலாயிரம்னு கோடு கிழிச்சிருக்கார். அப்ப வேலி இருந்துச்சே! இங்க வந்து பார்த்தா வேலியைக் காணோம். என் கணக்கு மடமடன்னு இறங்குது. எனக்குக் கை காலே ஓடல. ஆனாலும் வழக்கமான தள்ளுபடியை உங்ககிட்ட மறைக்க மனசு வரல.

மார்லிஸ்: அவருக்கு... மரம் நிக்கணுமா?

பிரிட்டா: ‘அதை வெட்டினா என்னால இந்த வீட்டுல இருக்க முடியாது பிரிட்டா’ன்னார்.

மார்லிஸ்: பின்ன எதுக்கு எடுத்துடலாம்னு சொன்னாராம்!

பிரிட்டா: உங்களுக்காக. புயலுக்கு அப்புறம் நீங்க மரத்துக்குப் பயந்துக்கிட்டு மேல படுக்கவே மாட்டேங்கறீங்களாம். வாயைத் திறந்து சொல்லாம ஏழு மாசமா சோபாவுல சுருண்டு கிடக்கறீங்களாம்.

மார்லிஸ்: பயமா? எனக்கா? மரத்துக்கா?

பிரிட்டா: பயம் இல்லன்னா பின்ன எதுக்கு சோபா?

மார்லிஸ்: அது... அது வேற. அதை யார்கிட்டயும் சொல்ல முடியாது.

பிரிட்டா: என்கிட்டகூடவா?

மார்லிஸ்: அதோ அவரே வந்துட்டார். ஒண்ணும் தெரியாத மாதிரி இரு. கேக்கை வாயில வை.

வெர்லின்: பிரிட்டா! வந்து ரொம்ப நேரம் ஆச்சா? மரத்தைப் பார்த்தியா... என்ன சொல்றே?

பிரிட்டா: ம்... ம்ம்... நாலாயிரத்து நூத்தி இருபது, சார்.

வெர்லின்: நாலாயிரத்து... அப்படியா! அடடா. அடடடா. ரொம்ப வருத்தமா இருக்கே.

மார்லிஸ்: எனக்கும்தான்.

பிரிட்டா: ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே வருத்தப்படறீங்க. சார், மரம் கல்லு மாதிரி இருக்கு. ஒடிஞ்ச கிளையைச் சீவிட்டு, மேல ஒரு இரும்புக் கம்பி இழுத்துக் கட்டிடறேன். நாம எல்லாரும் போன பிறகும் நிக்கும்.

வெர்லின்: அப்ப நிக்கட்டும். மார்லிஸ், நீ ஒண்ணும் பயப்படாதே. நான் ஒரு முடிவு பண்ணியிருக்கேன். நம்ம கட்டிலையே கீழ கொண்டுவந்து போட்டுடலாம்.

மார்லிஸ்: கட்டிலையா?

வெர்லின்: ஆமா. நானும் இனிமே உன்கூடக் கீழதான் தூங்கப் போறேன். ஒரு ராத்திரிகூட நீ தனியா இருக்க வேண்டாம்.

மார்லிஸ்: ...பிரிட்டா.

பிரிட்டா: சொல்லுங்க டீச்சர்.

மார்லிஸ்: அந்தப் பத்து சதவீதம்... இன்னும் இருக்கா?

பிரிட்டா: டீச்சர்! கழிச்சா மூவாயிரத்து எழுநூத்தி எட்டு. மரம் போயிடும்! என்ன ஆச்சு உங்களுக்கு?

வெர்லின்: என்ன பத்து சதவீதம்? மார்லிஸ், இவ்வளவு பயமா உனக்கு?

மார்லிஸ்: இல்ல... வேண்டாம். தள்ளுபடி வேண்டாம். மரம் நிக்கட்டும். அது என்ன பாவம் பண்ணிச்சு. வெர்லின், இப்படி உட்காரு. எனக்கு எந்தப் பயமும் இல்ல. புயல் அன்னைக்கு நீ விடிய விடிய ரேடியோ பக்கத்துல முழிச்சு உட்கார்ந்திருந்தே, ஞாபகம் இருக்கா? இடி இடிச்சுது, கிளை முறிஞ்சுது, உன் வண்டி நசுங்கிச்சு... கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்துல அன்னைக்குத்தான் நான் முழுசாத் தூங்கினேன். நீ... கொஞ்சம்... குறட்டை விடறே, வெர்லின்.